மாசிக்காயின் பக்கத்தில் ஓர் இடம் காலி

1

இக்கதை ஒரு கை நடுங்கியதிலிருந்து பிறந்தது. தோற்றத்தை முதலில் கூறிவிடுதல் முறை. பாடநூல்களில் ஒவ்வொரு பாடமும் அவ்வாறே தொடங்குகிறது.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு நாட்டு மருந்துக் கடை உள்ளது. சென்ற வாரம் நாம் அங்கு மாசிக்காய் வாங்கச் சென்றிருந்தோம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டியபின் உரைகல்லில் உரைத்து நாக்கில் தடவும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. கல்லாவில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த அலமாரியின் பலகை விளிம்புகளில், கிழித்தும் முழுதாக வராத காகிதத் துணுக்குகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் எழுத்து மிஞ்சியிருந்தது. குவெர் என்பதோடு அது கிழிந்திருந்தது.

இதை எழுதுபவன் அறிவொளி வகுப்பில் அகரம் பயின்று, நாற்பதைக் கடந்தபின் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியல் எழுதித் தேறியவன். அந்த அரைச்சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. குவெர்கஸ். ஓக் மரத்தின் பேரினப் பெயர். தமிழில் கருவாலி என்பர். உத்திரமேரூரில் எவரும் கண்டிராத மரம்.

"இத எழுதி ஒட்டினது நீங்களாம்மா? ஏன் கிழிச்சிட்டீங்க?" என்று கேட்டோம்.

"கொயந்த யாரோடது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நம்முடையது என்றோம். (திருமணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. படிப்பைப் போலவே பிள்ளையும் நமக்குக் காலந்தாழ்ந்தே வாய்த்தது. இச்செய்தி கதைக்குத் தேவையற்றது. அடித்துவிட எண்ணி, பின்னர் விட்டுவைத்துள்ளோம்.)

அவர் டப்பாவிலிருந்து ஒரு காயை எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தார். மறுபடியும் உருட்டினார். மூக்கருகே கொண்டு சென்றார். பிறகு அதைத் தாளில் மடிக்கும்போது அவருடைய விரல்கள் நடுங்கின. பொட்டலத்தை நம் கையில் வைத்த பின்னும், அதன் ஒரு முனையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாம் கண்டது அவ்வளவே. இனி வருவன யாவும் புனைவு. அவருக்குச் சாய்ரா என்று பெயரிட்டவர்களும் நாமே. ஆயினும் ஒன்று. அவ்வளவு கருத்தாகப் பார்த்துக் கொடுப்பவரின் கை எதற்காக நடுங்க வேண்டும்? இந்த ஒரு வினாவிற்கு விடை காண்பதே இக்கதையின் நோக்கம்.

2

தொடக்கம் அமைவது எளிதன்று. நாம் எழுதிப் பார்த்தவை:

அச்சம் என்பது உயிரினங்கள் அனைத்திற்கும் பொதுவான ஓர்—

(கைவிடப்பட்டது. இது விலங்கியல். நாம் எழுத வந்தது தாவரம் பற்றியது.)

சாய்ரா ஒரு கொலைகாரி அல்லள் என்பதை வாசகர்—

(கைவிடப்பட்டது. இவ்வாறு தொடங்கினால் வாசகர் முதல் வரியிலேயே பிணத்தைத் தேடுவர். அச்சொல்லை எழுதியபின் நமக்கும் கை ஓடவில்லை. எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம்.)

காஞ்சிபுரம் தனி மாவட்டமாகப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அத்தாவுல்லா பாய் கண் அறுவைக்காகச் சென்னைக்குச் சென்றிருந்த நாள்களில், அவருடைய மருமகள் சாய்ரா கடை அலமாரியைத் திருத்தியமைத்தாள்.

இது நிற்கட்டும்.

3

அலமாரி முன்பு எவ்வாறிருந்தது என்பதை விளக்கிவிட வேண்டும். ஆபத்து அங்கேதான் உறங்கிக்கொண்டிருந்தது.

அத்தாவுல்லா பாயின் கடையில் சரக்குகள், அவற்றை உண்பவரின் வயதை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. கைக்கெட்டும் கீழ்ப்பலகை முழுவதும் பிள்ளை மருந்து. அதாவது வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், சுக்கு, கடுக்காய். அதன் மேற்பலகை பிள்ளை பெற்றவளுக்கு உரியது. அதற்கும் மேலே மூட்டுவலிக்காரர்களின் சரக்கு. முக்காலி போட்டு ஏறினாலொழிய எட்டாத உச்சிப்பலகையில் எட்டிக்கொட்டை, நேர்வாளம், மருக்காரங்காய் முதலிய முரட்டுச் சரக்குகள் இருந்தன. மருக்காரங்காய் என்பது வாந்தி எடுக்க வைப்பதற்கென்றே விற்கப்படுவது. உலர்ந்தபின் உருண்டையாக, பழுப்பாக இருக்கும். சிறிய காயாகப் பொறுக்கி எடுத்தால், வெளிச்சம் குறைந்த இடத்தில் மாசிக்காய்க்கு உடன்பிறப்பு எனலாம். அறிவியலின்படி இரண்டுக்கும் ஓர் உறவும் இல்லை.

இனி வழக்கம் ஒன்றைக் கூறுதல் வேண்டும். விளக்கு வைத்தபின் வசம்பின் பெயரை உச்சரிக்கலாகாது என்பது இப்பக்கத்து நம்பிக்கை. 'பேர் சொல்லாதது' என்றே கேட்பர். சொன்னால் மருந்தின் குணம் போய்விடும் என்பவர் உண்டு. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பவரும் உண்டு. அந்தக் கடையில் இவ்வழக்கம் வசம்போடு நில்லாமல் மெல்லப் பரவி, பிள்ளை மருந்து முழுவதையும் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து வரும் தாய்மார் எதையும் பெயர் சொல்லிக் கேளார். கீழ்ப்பலகையைக் கை காட்டுவர். பாயும் பெயர் சொல்லாமல் எடுத்துக் கொடுப்பார். அப்பலகையில் எதைக் காட்டினாலும், எதை எடுத்தாலும் அது குழந்தைக்கு உகந்ததே. ஆகவே தவறு நேர வழியில்லை. பெயரற்ற அந்த வணிகத்தை அந்த அடுக்குதான் தாங்கிக்கொண்டிருந்தது. இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்கப்படாத ஒன்றை அறிவு என்று கொள்ளச் சாய்ராவுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

(இவ்விடத்தில் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. படிக்கத் துணிந்த ஒரு பெண்ணைத் தண்டிப்பதற்காகவா இக்கதை எழுதப்படுகிறது? அவ்வாறாயின் இதைக் கிழித்தெறிதல் நன்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருப்புட்குழியிலிருந்து வாக்கப்பட்டு வந்து, அடுப்பு அணைந்தபின் புத்தகம் விரித்து, நம்மைப் போலவே தனித்தேர்வராகத் தேறிய ஒருத்தியை நாம் எவ்வாறு இகழ முடியும்? உலகிலுள்ள செடி கொடி யாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, அவ்விடத்தை மனிதர் கண்டுபிடித்து எழுதியும் வைத்துவிட்டனர் என்று முதன்முதலாகப் படித்தபோது அவளுக்கு உண்டான மகிழ்ச்சியை நாம் அறிவோம். நமக்கும் அது உண்டானது. அன்று முதல் வேலியோரத்து எருக்கைக்கூட நாம் பெயர் சொல்லாமல் கடந்ததில்லை.)

4

உயிரினங்களை அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கொண்டு தொகுத்தலும் பிரித்தலும் வகைப்பாடு எனப்படும்.

சாய்ரா டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, குடும்பவாரியாக ஏற்றினாள். சுக்கும் மஞ்சளும் சித்தரத்தையும் ஒரே குடும்பம் ஆதலால் ஒரே இடம். தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும், ஆளைச் சாய்க்கும் எட்டிக்கொட்டையும் ஒரே பேரினம் ஆதலால் அடுத்தடுத்து. சரக்கு மாறினாலும் இடம் மாறாது என்று கருதி, பெயர்களை டப்பாவில் ஒட்டாமல் பலகை விளிம்பில் ஒட்டினாள். மாசிக்காய்க்கு உரிய சீட்டில் முழு வரிசையையும் எழுதினாள். உலகம் தாவரம், வகுப்பு இருவித்திலை, துறை ஃபேகேல்ஸ், குடும்பம் ஃபேகேசியே, பேரினம் குவெர்கஸ், சிற்றினம் இன்ஃபெக்டோரியா. சாயம் தோய்ப்பது என்பது கடைசிச் சொல்லின் பொருள்.

ஓக் குடும்பத்தில் அக்கடையிலிருந்தது அந்த ஒரு சரக்கு மட்டுமே. அதன் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. ஒரு குடும்பத்துக்குரிய இடத்தில் மற்றொன்றைக் குடியேற்றுதல் முறையன்று என்று அவள் அதை அப்படியே விட்டாள்.

(அடிக்குறிப்பு: மாசிக்காய் உண்மையில் காய் அன்று. இதைச் சாய்ரா கிளை நூலகத்தில் ஒரு நூலில் படித்தாள் என்று கொள்க. நாமும் அவ்வாறே படித்தோம். ஓக் மரத்தின் இளமொட்டில் சிறு குளவி ஒன்று முட்டையிடுகிறது. மரம் அந்த அயற்பிள்ளையைச் சுற்றித் தன் சதையைத் திரட்டி உருண்டை ஆக்குகிறது. உள்ளே புழு வளர்கிறது. வளர்ந்து முடிந்தால் துளையிட்டு வெளியே பறந்துவிடுகிறது. ஆகவே துளையுள்ள மாசிக்காய், பிள்ளை பிழைத்துப் போன தொட்டில். துளையில்லாததில் பிள்ளை உள்ளேயே இறந்து கிடக்கிறது. வீரியம் மிகுந்தது என்று வணிகர் தேடி வாங்குவது துளையில்லாததையே. இதை அன்னபேதி என்னும் இரும்பு உப்போடு சேர்த்துக் காய்ச்சித்தான் முற்காலத்தில் எழுதும் மை செய்தனர். இவ்வடிக்குறிப்பை எழுதி முடித்தவுடன் நாம் பேனாவை மூடிவிட்டு உள்ளறைக்குச் சென்று, குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தோம். மூச்சு சீராக இருந்தது.)

5

அத்தாவுல்லா பாய் ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு ஊர் திரும்பினார். கடைக்குள் வந்து, நல்ல கண்ணால் அலமாரியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இன்னாம்மா இது. என் சரக்கெல்லாம் குடும்பம் குடும்பமா குடி வச்சிட்டே. வாடகைய யாராண்ட வாங்கறது?"

"சுக்கும் மஞ்சளும் ஒரே குடும்பம் மாமா."

"அது தெரியாதா. ரெண்டும் ஒரே கொயம்புல தானே வேவுது."

அவருக்குக் கோபமில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்கூட்டு மருமவ பன்னெண்டாவது பாஸு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சாய்ரா ஒவ்வொரு பலகையாக விளக்க, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். மாசிக்காயிடம் வந்தபோது நின்றார்.

"இது இன்னாத்துக்கு ஒத்தையில கீது?"

"அதோட குடும்பத்துல நம்ம கடைல வேற யாரும் இல்ல மாமா. அது ஓக்கு மரம். துருக்கி, பாரசீகம் அந்தப் பக்கம் மொளைக்கிறது."

"பாவம். அசலூர்ல வாக்கப்பட்டுக்கினு வந்த பொண்ணு மாதிரி நிக்குது."

சாய்ரா சிரித்தாள். அது தன்னைப் பற்றிய கேலியும்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் பிற்பகலில் அவள் சமையலுக்கு உள்ளே போயிருந்த நேரம், காஞ்சிபுரத்திலிருந்து சரக்கு வந்தது. தீர்ந்துபோயிருந்த மருக்காரங்காய் ஒரு டப்பா. உச்சிப்பலகையில் இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள். ஒற்றைக் கண்ணோடு முக்காலி ஏறவும் பாய்க்குத் துணிவில்லை. கடைக்காரரின் கண்ணுக்குக் காலியிடம் என்பது பொறுக்க முடியாத ஒன்று. மாசிக்காயின் பக்கத்தில் அந்த டப்பாவை வைத்தார். மருமகளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தார். அதற்குள் அந்தி மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட, அவர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். சாய்ரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

மின்சாரம் போயிற்று.

(வாசகரே, நாம் இங்கே நிறுத்திவிடலாம். மின்சாரத்தைத் திரும்ப வரவழைப்பது நம் கையில் உள்ளது. அவ்வாறு ஒரு வரைவும் எழுதினோம். விளக்கு எரிந்தது, சாய்ரா பக்கத்து டப்பாவைக் கண்டாள், எடுத்து வேறிடத்தில் வைத்தாள். அக்கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதில் ஒருவர் கையும் நடுங்கவில்லை.)

6

சாய்ரா மெழுகுவத்தி ஏற்றிக் கல்லா மேல் நிறுத்தியபோது, படியேறி வந்தவள் சின்னபொண்ணு. திருப்புலிவனத்துக்கு அப்பால் ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பைச் சேர்ந்த இளம்பெண். தோளில் பழம்புடவையில் சுற்றிய குழந்தை. செங்கல் சூளையில் உடன் வேலை செய்யும் கோவிந்தம்மாள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். விளக்கு வைத்தாகிவிட்டபடியால் அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை.

"கொயந்தைக்கு உரைக்கறது பாயம்மா. அந்தக் குச்சி ஒண்ணு. அப்பறம் அந்த உருண்ட."

அவள் விரல் இருட்டைச் சுட்டியது. சாய்ரா எழுந்தாள். மெழுகுவத்தியை எடுத்துச் செல்லவில்லை. எடுத்தால் அணைந்துவிடும், தவிர அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வொன்றின் இடமும் அவளுக்கு மனப்பாடம். வசம்பை எடுத்தாள். பிறகு ஓக் குடும்பத்தின் இடத்துக்குக் கையை நீட்டினாள். அங்கே இருந்த டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்தாள். தாளில் மடித்தாள்.

"சோறு வேவும்போது போட்டு வேவ வச்சி, காய வச்சி, அப்பறமா உரைக்கணும். ஒரு சுத்து தான். ஜாஸ்தி வாணாம்."

"ஒரு சுத்துக்கே இவ அப்பன் மாதிரி மூஞ்ச சுளிக்கும் பாரு. அந்தாளு மாத்திரையக் கண்டாலே ஏரி தாண்டி ஓடிடுவான்."

இருவரும் சிரித்தனர். குழந்தை தும்மியது. பேர் என்ன என்று சாய்ரா கேட்டாள்.

"இன்னும் வக்கல. இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. பேரு வச்சா தேடிக்கினு வந்துடும்னு மாமியா சொல்லுது. கொஞ்சம் தேறட்டும்னு கீறோம்."

அவள் இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. அப்போதாவது சாய்ரா திரும்பிப் பார்த்திருக்கலாம். அவளோ பெயரே இல்லாத ஓர் உயிரை எந்த வரிசையில் எழுதுவது என்று எண்ணியபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

காலையில் பலகை துடைக்கும்போது கண்டாள். குவெர்கஸ் என்ற சீட்டுக்கு மேலே இரண்டு டப்பாக்கள்.

"மாமா, இது யாரு வச்சது?"

"நாந்தான். மருக்காரங்கா. நேத்து மத்தியானம் வந்துச்சு. அது பாவம் ஒத்தையில கீதேன்னு தொணைக்கு வச்சேன்."

பாய் காலை நாஷ்டாவில் கவனமாக இருந்தார். சாய்ரா இரண்டு டப்பாக்களையும் திறந்தாள். இரண்டிலும் முக்கால் அளவுக்கு உருண்டைகள். எதிலிருந்து ஒன்று குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. எண்ணிப் பார்ப்பதற்கும் முன்கணக்கு இல்லை.

அவள் தன் விரல்களைக் கேட்டாள். மாசிக்காயின் மேல் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். மருக்காரங்காயின் தலையில் வாடிய கிரீடம் போன்ற ஒரு விளிம்பு இருக்கும். நேற்று விரல் தொட்டது முடிச்சையா, விளிம்பையா? முடிச்சு என்று நினைத்தால் முடிச்சு தட்டியது. விளிம்பு என்று அஞ்சினால் விளிம்பு தட்டியது. உண்மை என்னவென்றால், நேற்று அவள் விரலைக் கேட்கவே இல்லை. இடத்தை நம்பினாள். இத்தனை ஆண்டு இந்தக் கடையில் சரக்கைக் கண்ணால் அறிந்தவள், கையால் அறிந்தவள், நேற்றுத்தான் முதன்முறையாகப் படித்தவள் போல் எடுத்துக் கொடுத்தாள்.

மாமனாரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் ஒற்றைக் கண்ணோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வழியில் எந்த வண்டியில் மோதுவாரோ. அதுவே காரணம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். (மற்றொரு காரணமும் இருந்தது. அதை அவள் நினைக்க அஞ்சினாள். சொன்ன நொடியில் அது நடந்ததாகிவிடும்.) தோ வந்துடறேன் மாமா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

8

திருப்புலிவனத்தில் இறங்கி, வயல் வரப்புகளைக் கடந்து, ஏரிக்கரையில் ஏறினாள். கருவேல முள் சேலையைப் பற்றியது. எடுத்துவிட நிற்கவில்லை. கிழிந்து வந்தது.

வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. உலகம் தாவரம், வகுப்பு இருவித்திலை, துறை ஃபேகேல்ஸ். தேர்வுக்கு முந்திய நாள்களில் இவ்வாறு ஓதினால் மனம் அடங்கும். இன்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இருவித்திலை வரை இரண்டு காய்க்கும் ஒரே பாதை. அதற்குக் கீழேதான் பிரிவு. ஒரு பாதையின் முடிவில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மற்றதன் முடிவுக்கு அவள் போகவில்லை. மீண்டும் உலகம் தாவரம் என்று மேலிருந்து தொடங்கினாள்.

குடியிருப்பில் கேட்டறிந்து சேர்ந்தபோது, சின்னபொண்ணின் வீட்டு வாசல் ஓலைத் தட்டியால் மூடிக் கிடந்தது. எதிர் வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். கோவிந்தம்மாள் அவள்தான்.

"சின்னபொண்ணா? ராவே வேவ வச்சி அடுப்பாண்ட காய வச்சத விடிகாத்தால உரைச்சா. அப்பறம் கொயந்த கக்கிக்கினே இருந்துச்சு. அவ புருசன் பொன்னன் தூக்கிக்கினு ஓடனான். அவளும் பின்னாலயே ஓடனா."

"எங்க?"

"உத்திரமேரூர் ஆசுபத்திரிக்குத்தான். வேற எங்க. நீ அங்கேர்ந்துதானே வர்ற. வழியில பாக்கலியா?"

சாய்ரா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொயந்தன்னா கக்கத்தான் செய்யும். நீ இன்னாத்துக்கு இப்டி வேர்த்துக்கினு நிக்கிற? குந்து. தண்ணி குடி."

சாய்ரா உட்காரவில்லை. தட்டியின் ஓரமாக, கூரை நிழலில், உரைகல் ஒன்று கிடந்தது. அதன் மேல் காய்ந்தும் காயாத ஒரு சுற்றுத் தடம். அருகே, உரைத்த பக்கம் மேலாகவும் மற்றப் பக்கம் மண்ணிலுமாக, ஓர் உருண்டை. முடிச்சா, விளிம்பா என்று சொல்ல வேண்டிய பக்கம் மண்ணில் இருந்தது.

அவள் குனிந்தாள்.

9

முடிவுகள். நாம் எழுதியவற்றை எழுதிய வரிசையில் தருகிறோம்.

முதல் முடிவு: சின்னபொண்ணு காட்டையும் செடியையும் அறிந்த குடியில் பிறந்தவள் ஆகையால், காயைப் பார்த்தவுடனே கண்டுகொண்டு தூக்கி எறிந்துவிட்டாள். படிப்பு தோற்றது, பட்டறிவு வென்றது. (அடிக்கப்பட்டது. படிக்க இனிமையாக உள்ளது. ஆனால் சின்னபொண்ணு செங்கல் சூளையில் பிறந்து, சூளையில் வளர்ந்து, சூளையிலேயே கல் அறுத்துக்கொண்டிருப்பவள். அவளுக்கு எந்தக் காட்டை யார் காட்டினார்கள்? நம் வசதிக்காக அவளை எல்லாம் அறிந்தவளாக்குவது, அவள் குழந்தையை அவளே காத்துக்கொள்ளட்டும் என்று கைகழுவுவதாகும்.)

இரண்டாம் முடிவு: சாய்ரா காயைத் திருப்பினாள். முடிச்சுகள் இருந்தன. நடுவே ஊசித்துளை போல் ஒரு சிறு ஓட்டையும் இருந்தது. என்றோ எங்கோ துருக்கி நாட்டில் ஒரு குளவி பிழைத்துப் பறந்த ஓட்டை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பால் அதிகமாகி வந்த வாந்திதான் அது. பகல் உச்சிக்கு வருமுன் பொன்னன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி வரப்பில் வந்தான்.

இதை நாம் மிகவும் விரும்பினோம். உரக்கப் படித்தும் காட்டினோம். இதை எழுதுபவனின் மனைவி தேவி, குழந்தைக்குப் பாலூட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

"எல்லாம் நல்லா ஆயிடுச்சுன்னா, அந்தம்மா இன்னாத்துக்குக் கை நடுங்கனாங்க? அந்தச் சீட்டையெல்லாம் இன்னாத்துக்குக் கிழிச்சாங்க?"

தப்பிய அச்சத்திலும் கை நடுங்கும் என்று விளக்கினோம். அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "தப்பிச்சவங்க அப்டி வெளிச்சத்துல புடிச்சிப் புடிச்சிப் பாக்க மாட்டாங்க" என்று கூறிவிட்டு எழுந்து சென்றாள்.

மூன்றாம் முடிவு:

(எழுதப்பட்டது. தேவிக்குப் படித்துக் காட்டப்படவில்லை. அதில் கண்ட நிகழ்ச்சிகளை இங்கே தருவதற்கில்லை. ஒரே பக்கம்தான். வாக்கியங்கள் யாவும் இலக்கணப்படி அமைந்திருந்தன. மை உலர்வதற்குள், குழந்தை உறங்கும் வீட்டுக்குள் அந்தத் தாள் இருக்கலாகாது என்று ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. அடுப்பில் இட்டுவிட்டு வந்தோம். பகுத்தறிவோடு எழுதப் பயின்ற ஒருவன் இவ்வாறு செய்யலாமா என்று வாசகர் வினவக்கூடும். வினவுக.)

10

இப்பகுதியை எழுதும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மேசை மேல் அந்தக் கடையின் பொட்டலம் பிரித்து வைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ளது மாசிக்காய்தான் என்பதில் ஐயமில்லை. ஐயமில்லை என்று எழுதிவிட்டு அதை மீண்டும் கையில் எடுத்தோம். நாம் படித்த பாடநூலில் ஓக் மரத்தின் இலை வரையப்பட்டிருந்தது. பூ வரையப்பட்டிருந்தது. கிண்ணத்தில் அமர்ந்த அதன் உண்மையான காயும் வரையப்பட்டிருந்தது. இந்த உருண்டை வரையப்படவில்லை. இதன் மேல் முடிச்சு என்று கொள்ளத்தக்க சில மேடுகள் உள்ளன. விளிம்பு என்று கொள்ளத்தக்க ஒரு கோடும் உள்ளது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தோம். மறுபடியும் உருட்டினோம். மூக்கருகே கொண்டு சென்றோம்.

துளை இல்லை.

"இன்னாங்க, எய்துனது போதும். கொயந்தைக்கு மேலு கய்வியாச்சு. வேவ வச்சிக் காஞ்சதுதானே அது, எடுத்தாங்க" என்கிறாள் தேவி.

எதை என்று கேட்டோம்.

"அதான், அத" என்கிறாள். பெயர் சொல்லவில்லை. வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் உரைகல் கழுவி வைக்கப்பட்டு ஈரமாக இருக்கிறது.

ஏரிக்கரையில் சாய்ரா இன்னும் குனிந்தே நிற்கிறாள். அவளுடைய விரலுக்கும் அந்த உருண்டைக்கும் இடையே நாம் விட்டுவைத்த இடம் அப்படியே காலியாக உள்ளது. அங்கே வைப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. முடிவை அறிய விரும்பும் வாசகர் அவளுடைய இடத்தில் குனிந்து, அதை எடுத்து, மண்ணில் பதிந்த பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாராக.

கண்டது எதுவாயினும் நமக்குச் சொல்ல வேண்டாம். விளக்கு வைத்தாயிற்று.